உன் முகத்துக்கு யார் சொந்தக்காரர்?

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளி ஆண்டு விழாவில் தோழி ஒருத்தி உன்னைப் படம் எடுக்கிறாள். அந்தப் படத்தின் பதிப்புரிமை யாருக்கு? பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, தோழிக்குத்தான். படத்தில் இருப்பது நீ என்றாலும், முகத்துக்கென்று பதிப்புரிமை கிடையாது. இத்தனை காலம் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்றோ ஒரு படமும் கொஞ்சம் குரல்பதிவும் கிடைத்தால், நீ சொல்லாததைச் சொல்வதுபோல டீப்ஃபேக் வீடியோ தயாராகிவிடுகிறது.

டென்மார்க் அரசு 2025 ஜூனில் கைவைத்தது இந்த ஓட்டையில்தான். பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொருவருக்கும் தம் உடல், முகம், குரல் மீது உரிமை தரும் திட்டத்தைப் பண்பாட்டு அமைச்சர் யாகோப் எங்கெல்-ஷ்மித் அறிவித்தார். அத்திட்டப்படி, நிஜம்போலத் தோன்றும் போலியைச் சம்மதமின்றி வெளியிட்டால், பாதிக்கப்பட்டவர் நீக்கச் சொல்லலாம், இழப்பீடும் கேட்கலாம். இறந்த பிறகும் 50 ஆண்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. நையாண்டிக்கும் கேலிக்கும் விலக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் அரசியல்வாதிகள் தங்களைக் கிண்டல் செய்பவர்களின் வாயை இதே சட்டத்தால் அடைத்துவிடுவார்கள்.

புகழ்பெற்றவர்களுக்கு வழி முன்பே இருந்தது. விளம்பரத்துக்காகத் தன் குரலைப்போலவே வேறொருவரைப் பாடவைத்த ஃபோர்டு நிறுவனத்தின் மீது பாடகி பெட் மிட்லர் தொடுத்த வழக்கில், 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தம் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். 2023இல் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் பாதுகாப்புத் தந்தது. இவர்களின் முகத்துக்குச் சந்தையில் விலை உண்டு. வாதாட வக்கீலும் உண்டு.

டென்மார்க் திட்டம் புகழைக் கேட்பதில்லை. பள்ளி மாணவிக்கும் நடிகைக்கும் ஒரே உரிமை.

அமெரிக்காவில் 2025 மே 19 அன்று கையெழுத்தான 'டேக் இட் டவுன்' சட்டம் வேறு வழியில் போகிறது. சம்மதமில்லாத அந்தரங்கப் படங்களை, டீப்ஃபேக் உட்பட, வெளியிடுவது குற்றம். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும். வேகம் அதிகம், எல்லை குறுகல்: ஓர் ஆசிரியர் சாதியைப் பற்றி இழிவாகப் பேசியதுபோலச் செய்த போலி வீடியோ அதில் அடங்காது, டென்மார்க் திட்டத்தில் அடங்கும்.

எந்தச் சட்டமானாலும் புகாருக்கு இந்த விவரம் தேவைப்படும்: எங்கே, எப்போது வெளியானது? அப்படியொரு போலி வீடியோ கண்ணில் பட்டால் யாருக்கும் அனுப்பாதே. இணைப்பையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து புகார் கொடு.

அன்புடன்,
அண்ணன்