சுட்டது சுவிட்சா, மின்னோட்டமா?

ஓர் இரவு நண்பரின் பழைய காரில் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாந்தோம் நெடுஞ்சாலையில் முகப்பு விளக்குகள் திடீரென அணைந்தன. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்! வண்டியை ஓரமாக நிறுத்தி, டாஷ்போர்டிலிருந்த விளக்குச் சுவிட்சைத் தொட்ட நண்பர் "ஆ!" என்று விரலை உதறினார். "நாளைக்குப் புதுப்பேட்டையில் வேறு சுவிட்சு வாங்கி மாட்டினால் சரியாகிவிடும்" என்றார். ஆறு மாதத்துக்கு முன்பும் அப்படித்தான் மாற்றினாராம்!

மாணவர்களே, சுவிட்சு ஏன் மீண்டும் மீண்டும் கருகுகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம்.

காரின் மின்கலம் 12 வோல்ட். முன்பு இருந்தவை 45 வாட் பல்புகள் இரண்டு. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 90 ÷ 12 = 7.5 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று நண்பர் 100 வாட் பல்புகளைப் போட்டிருந்தார். இப்போது 200 ÷ 12 = 16.7 ஆம்பியர்.

கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1840-ஆம் ஆண்டு வாக்கில் ஜூல் கண்டறிந்தார். சுவிட்சின் உலோக முனைகள் தொடும் இடத்தில் மின்தடை 0.05 ஓம் என்று கொள்வோம். முன்பு தோன்றிய வெப்பம் 7.5 × 7.5 × 0.05 = 2.8 வாட். இப்போது ஏறத்தாழ 14 வாட், ஐந்து மடங்கு! சூட்டில் முனைகளின்மேல் ஆக்சைடு படியும், மின்தடை கூடும், சூடு மேலும் ஏறும்.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை? மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது உருகும். தொடுமுனையில் மின்தடை கூடினால் மின்னோட்டம் சற்றுக் குறையவே செய்யும். ஆகவே ஃபியூஸ் சும்மா இருக்க, சுவிட்சு எரிகிறது.

பரிகாரம் என்ன? முதலில் பழைய அளவுப் பல்புகளையே போட வேண்டும். அடுத்து ஒரு ரிலே. இதிலுள்ள மின்காந்தச் சுருளுக்கு ஏறத்தாழ 0.15 ஆம்பியர் போதும். டாஷ்போர்டுச் சுவிட்சு அதை மட்டும் தாங்கும். பெரிய மின்னோட்டத்தை ரிலேயின் தடித்த முனைகள் தாங்கும். நண்பர் இரண்டையும் செய்தார்.

ஓர் எச்சரிக்கை. சுவிட்சைக் கழற்றுமுன், மின்கலத்தில் காரின் உடலோடு இணைந்த முனையை (பெரும்பாலும் எதிர்முனை) முதலில் விடுவிக்க வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் காரின் உடலில் பட்டதும் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பின் சுவிட்சு ஏன் சுடுவதில்லை? மேலே கண்ட முறையிலேயே கணக்கிட்டுப் பாருங்கள்.