திரையில் ‘நோ சிக்னல்’: டிவியா, கேபிளா, கணினியா?

வகுப்பறைச் சுவரில் டிவி இருக்கிறது. மேசையில் மடிக்கணினி இருக்கிறது. இரண்டையும் இணைத்து எச்.டி.எம்.ஐ. கேபிளும் தொங்குகிறது. இதயம் சுருங்கி விரியும் அசைவூட்டப் படத்தைக் காட்டப்போகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் குழந்தைகள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரையிலோ ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து மட்டும் இங்குமங்கும் நகர்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறோம். ரிமோட்டில் கைக்கு வந்த பொத்தானை அழுத்துகிறோம். கணினியை அணைத்துப் போடுகிறோம். 40 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் கரைந்துவிடுகிறது.

இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் நாம் அந்த டிவியின் பக்கமே போவதில்லை. கொஞ்ச நாளில் அது ‘பழுது’ என்று இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும். முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்து வாங்கித் தந்த டிவி, துணி போர்த்தித் தலைமையாசிரியர் அறையில் நிற்கும். பழுதே இல்லாத டிவிக்கும் இந்தக் கதி வருவதுண்டு. காரணம், கோளாறு எங்கே என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான். நான்கு வேலைகளைச் சேர்த்துச் செய்தபின் படம் வந்தாலும், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் அதே நிலைதான்.

திரை சொல்வதை வாசிப்போம்

‘நோ சிக்னல்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் டிவி போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. எழுத்தைக் காட்டுகிறது என்றால் டிவிக்கு மின்சாரம் வருகிறது, திரை வேலை செய்கிறது, பின்னாலிருக்கும் விளக்கும் எரிகிறது. ‘நான் விழித்துத்தான் இருக்கிறேன், நீ காட்டிய வாசல் வழியாக எதுவும் வரவில்லை’ என்று டிவி சொல்கிறது. அது எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே நம் முதல் கேள்வி. டிவியின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. 1, 2 என்று துளைகள் இருக்கும். கேபிள் செட்டாப் பாக்ஸ் ஒன்றில் இருந்தால் நம் கேபிள் இரண்டில் இருக்கும். ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி அதே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையின் எண்ணைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். சுவரோடு ஒட்டிய டிவியில் கையால் தடவிச் செருகினால் எண் மாறிப்போகும்.

‘மோட் நாட் சப்போர்ட்டட்’ என்றோ ‘அன்சப்போர்ட்டட் சிக்னல்’ என்றோ வந்தால் அது வேறு செய்தி. சிக்னல் வருகிறது. ஆனால் அந்த டிவியால் காட்ட முடியாத அளவில் கணினி படம் அனுப்புகிறது. இங்கே கேபிளை மாற்றிப் பயனில்லை. கணினியின் டிஸ்பிளே அமைப்பில் ரெசல்யூஷனை 1920 × 1080 என்றோ, பழைய 32 அங்குல டிவியானால் 1280 × 720 என்றோ குறைக்க வேண்டும். ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

மூன்றாவது வகை, எழுத்தே இல்லாத வெறும் கறுப்பு. ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்திப் பாருங்கள். மெனு தெரிந்தால் டிவி நலம். கணினிதான் கறுப்பை அனுப்புகிறது. மெனுவும் தெரியவில்லை, ஆனால் செட்டாப் பாக்ஸை இயக்கினால் ஒலி மட்டும் வருகிறது என்றால், அறையை இருட்டாக்கிக் கைப்பேசி டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. அது நம் வேலை அல்ல, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

வருகைப் பதிவு போல ஒரு பேச்சு

கேபிளைச் செருகியதும் படம் உடனே பாய்ந்துவிடுவதில்லை. அதற்கு முன் கணினிக்கும் டிவிக்கும் இடையே ஒரு சிறு பேச்சு நடக்கிறது. கோளாறைப் பிடிக்க இதைத் தெரிந்துகொண்டால் பெரிய உதவி.

எச்.டி.எம்.ஐ. முனையில் 19 ஊசிகள் உண்டு. 18ஆம் ஊசி வழியாகக் கணினி 5 வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. இது பெயர் கூப்பிடுவது போல. டிவி 19ஆம் ஊசி வழியாக ‘உள்ளேன் ஐயா’ என்று பதில் சொல்கிறது. பதில் வந்ததும் கணினி 15, 16ஆம் ஊசிகள் வழியாக டிவியின் விவரக் குறிப்பைப் படிக்கிறது. தயாரிப்பாளர் யார், எந்தெந்த ரெசல்யூஷன்களைக் காட்ட முடியும், ஒலி ஏற்குமா என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். ஈ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். அதைப் படித்தபிறகே வேறு ஊசிகள் வழியாகப் படம் போகத் தொடங்கும்.

இதனால் நமக்கு ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. டிவியில் படம் வராதபோது மடிக்கணினியில் டிஸ்பிளே அமைப்பைத் திறந்து, இரண்டாவது திரை ஒன்று பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வருகைப் பதிவு முடிந்துவிட்டது என்று பொருள். இனி தேட வேண்டியது கணினியின் தேர்வுகளில், ரெசல்யூஷனில், அல்லது படம் செல்லும் கம்பிகளில். தெரியவில்லை என்றால் பெயர் கூப்பிட்டதற்கே பதில் இல்லை. கேபிள், துளை, டிவியின் இன்புட் தேர்வு இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சில டிவிகள் தாம் பார்த்துக்கொண்டிருக்கும் துளைக்கு மட்டுமே பதில் சொல்லும். ஆகவே முதலில் டிவியைப் போட்டு, சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு கணினியை இயக்குவது நல்ல பழக்கம். அப்படியும் பேசிக்கொள்ளவில்லை என்றால் இரண்டையும் முழுதாக அணைத்து, டிவியின் பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. அப்போது டிவி தூங்குகிறதே தவிர அணைவதில்லை.

திரை பட்டியலில் இருக்கிறது, படம் இல்லை

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் சேர்த்து நீட்டிய திரை, இரண்டாவது திரை மட்டும். டிவியில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரிந்து, திறந்து வைத்த பாடம் தெரியவில்லை என்றால் நீட்டிய திரையில் இருக்கிறோம். வகுப்புக்கு ‘டூப்ளிகேட்’ எனப்படும் ஒரே படம் வசதியானது. நாம் குழந்தைகளைப் பார்த்தபடியே மடிக்கணினியில் வேலை செய்யலாம். ஆனால் இரண்டு திரைகளுக்கும் பொதுவான அளவுக்குக் கணினி இறங்கி வருவதால் டிவியில் எழுத்து சற்று மசங்கலாம். வரைபடத்தில் ஊர்ப்பெயர்களைப் படிக்கச் சொல்லும்போது ‘இரண்டாவது திரை மட்டும்’ என்று மாற்றினால் கடைசி பெஞ்சுக்கும் தெளிவாகத் தெரியும்.

ஒரே ஒரு பொருளை மாற்றுவது

இத்தனைக்குப் பிறகும் படம் வராவிட்டால் ஐயத்துக்குரியவை மூன்று: கணினி, கேபிள், டிவி. அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும் என்று நாமே பாடம் நடத்துகிறோம். இங்கேயும் அதுதான். செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி மடிக்கணினியில் போடுங்கள். அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த கேபிள், அது செருகியிருந்த துளையும் அப்படியே. படம் வந்தால் கணினி நலம். பழைய கேபிளோ பழைய துளையோதான் குற்றவாளி. பழைய கேபிளை இந்த நல்ல துளையில் போட்டுப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். நல்ல கேபிளிலும் படம் வரவில்லை என்றால் கணினியைத்தான் பார்க்க வேண்டும். மேசைக் கணினியாக இருந்தால் அதன் பின்புறம் இரண்டு இடங்களில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மேலே உள்ள துளையில் செருகினால் படம் வராமல் போகலாம். கீழே, கார்டில் உள்ள துளையில்தான் செருக வேண்டும்.

நீளமான கேபிள்களில் இன்னொரு சங்கதி உண்டு. அறையின் மறுகோடிவரை இழுக்க வாங்கும் சில கேபிள்களுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’ என்றும் மறுமுனையில் ‘டிஸ்பிளே’ என்றும் அச்சிட்டிருக்கும். திருப்பிப் போட்டால் ஒன்றும் வராது.

படம் வருகிறது, ஆனால் மழை பெய்வதுபோல் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன, அல்லது இரண்டு நிமிடத்துக்கொருமுறை திரை கறுத்துத் திரும்புகிறது என்றால் கேபிள் திணறுகிறது. 1920 × 1080 படத்துக்கு நொடிக்கு 14.85 கோடி புள்ளிகள் வீதம் அனுப்ப வேண்டியிருக்கிறது. 1280 × 720 படத்துக்கு அதில் சரிபாதி போதும். ரெசல்யூஷனைக் குறைத்ததும் புள்ளிகள் மறைந்தால் சந்தேகமே வேண்டாம், வேறு கேபிள் வாங்குங்கள். அதுவரை பாடம் நிற்க வேண்டியதில்லை, குறைத்த அளவிலேயே நடத்தலாம்.

வி.ஜி.ஏ. இன்னும் இருக்கிறது

நம் பள்ளிகளில் நீலநிற முனையும் இருபக்கத் திருகாணியும் கொண்ட வி.ஜி.ஏ. கேபிள்கள் இன்னும் புழங்குகின்றன. 1987இல் வந்த இந்த முறையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசிகளில் போகின்றன. ஊசி ஒன்று வளைந்தாலோ தளர்ந்தாலோ ஒரு நிறம் மட்டும் தொலையும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்துப் பாருங்கள். திரை மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை. கருஞ்சிவப்புச் சாயலில் இருந்தால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாக இருந்தால் சிவப்பு வரவில்லை. ஒளியின் முதன்மை நிறங்கள் பாடம் நடத்தும் நாளில் இப்படி ஒரு கோளாறு அமைந்தால் உடனே சரிசெய்துவிடாதீர்கள்! எந்த நிறம் காணோம் என்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வி.ஜி.ஏ.யில் ஒலி போகாது. தனி ஆடியோ வயர் வேண்டும். எச்.டி.எம்.ஐ.யில் ஒலியும் சேர்ந்தே போகும். ஆனாலும் படம் டிவியிலும் ஒலி மடிக்கணினியிலும் வருவதுண்டு. மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அடாப்டர் வாங்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள். கணினியில் எச்.டி.எம்.ஐ.யும் டிவியில் வி.ஜி.ஏ.வும் இருந்தால் வேண்டிய அடாப்டர் வேறு, தலைகீழாக இருந்தால் வேண்டியது வேறு. ஒன்றை மற்றொன்றாகத் திருப்பிப் பயன்படுத்த முடியாது. டைப்-சி துளையும் அப்படித்தான். துளை ஒரே வடிவில் இருந்தாலும் எல்லா மடிக்கணினியிலும் அதன் வழியே படம் வராது. வாங்குமுன் கணினியின் விவரக் குறிப்பில் பார்த்துவிடுங்கள்.

திரையின் ஓரம் வெட்டுப்பட்டு, வார்த்தையின் முதல் எழுத்து தெரியாமல் போவது பழுதல்ல. குழாய் டிவி காலத்துப் பழக்கம் அது. ஓரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மறைப்பதை ஓவர்ஸ்கேன் என்பார்கள். டிவி மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுத்திரையும் வரும்.

எர்த் விஷயம்

இதை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிளின் உலோக முனையைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரிந்தால் அலட்சியம் செய்யக்கூடாது. கட்டடத்தில் எர்த் சரியில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டிவி ஒரு சுவரிலும் கணினி எதிர்ச்சுவரிலும் மின்சாரம் எடுக்கும்போது இரண்டின் உடல்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு, கேபிளைச் செருகும் நொடியில் துளையே எரிந்துபோகலாம். இரண்டையும் எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள். அணைத்த நிலையில் கேபிளைச் செருகிவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். இடி மின்னல் நாளில் பிளக், கேபிள், ஆன்டெனா வயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கூச்சம் தொடர்ந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மாணவர்களைச் செருகச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

மெக்கானிக்கை அழைக்கும் நிலை வந்தால், ‘டிவி வேலை செய்யல’ என்று மட்டும் சொன்னால் அவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார், அல்லது கழற்றிக் கடைக்கு எடுத்துப்போவார். ‘இரண்டு மடிக்கணினி, இரண்டு கேபிள் மாற்றிப் பார்த்தோம். எச்.டி.எம்.ஐ. ஒன்றில் நோ சிக்னல், இரண்டில் படம் வருகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் அவர் ஃபோனிலேயே, ‘அப்ப ரெண்டுலயே போட்டுக்குங்க சார், ஒன்னுல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க’ என்று சொல்லிவிடுவார்.