வகுப்பில் யாரும் கை தூக்க மாட்டார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. முடித்த கையோடு சீனாவுக்குப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நம் ராமகுப்பத்தில் எல்லாரும் உன்னிடம் சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான் பேசியிருப்பார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே போய் மனம் விட்டுப்போகிற ஆசிரியர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சோறும் குளிரும் ஒரு பருவத்தில் பழகிவிட்டன. வகுப்பறைதான் கடைசிவரை பழகவில்லை.

வேலை இருக்கிறதா என்ற சந்தேகம் உனக்கு வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைக் கற்பிக்கிற பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் தமிழ் தொடங்கியது. குன்மிங் நகரத்து யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் தமிழ் உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1963 ஆகஸ்டில், சீன வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால், சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டு 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குப்ளாய் கானின் காலத்தில் அங்கே எழுந்த ஒரு சிவன் கோயிலைப் பற்றித் தமிழில் வெட்டி, கீழே ஒரு வரி சீன எழுத்தும் சேர்த்திருக்கிறார்கள். இடங்கள் குறைவு, போட்டி உண்டு. ஆனால் நீ போகிற பாதையில் ஏற்கெனவே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நீ பேசுவாய், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். "ஏதாவது கேள்வி?" என்றால் ஒரு கையும் உயராது. இதை அலட்சியம் என்றோ மந்தம் என்றோ எடுத்துக்கொள்ளாதே. ஜூன் 7-ஆம் தேதி தொடங்குகிற ஒரே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காகப் பள்ளிக்காலம் முழுவதையும் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். பலருக்குத் தமிழ் விரும்பிக் கேட்ட பாடமும் அல்ல. மதிப்பெண்ணும் ஒதுக்கீடும் கொண்டுவந்து சேர்த்த பாடம். பத்துப் பேர் நடுவில் தப்பாகச் சொல்வது அவர்களுக்குப் பெரிய கூச்சம். எழுந்து சந்தேகம் கேட்டால் ஆசிரியர் சரியாக விளக்கவில்லை என்று குறை சொன்னதாகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு.

அதனால் பொதுவாகக் கேள்வி கேட்காதே. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல், பிறகு ஒரு ஜோடியைக் கூப்பிடு. இருவரும் சேர்ந்து யோசித்த பதிலைச் சொல்ல யாரும் பயப்படுவதில்லை. வகுப்புக்கு ஒரு மாணவத் தலைவர் இருப்பார். அறை மாற்றம், பாட நகல், யாருக்குக் காய்ச்சல் என்பது வரை எல்லாம் அவர் வழியாகத்தான் போகும். அவரை உன் பக்கத்தில் வைத்துக்கொள். பகலில் வாய் திறக்காத பெண் இரவில் வீசாட் செயலியில் வரிசையாகச் சந்தேகம் அனுப்புவாள். அதுவும் வகுப்புதான், பதில் போடு.

காலை ஏழு மணிக்கு வளாகத்தில் நடந்து பார். குளக்கரையிலும் மாடிப்படியிலும் மாணவர்கள் தனித்தனியாக நின்று பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். நம் கல்லூரிகளில் நான் பார்க்காத காட்சி. ஒவ்வொரு வாரமும் உன் குரலில் ஒரு பக்கத்தைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டால் அந்தக் காலை வேளை முழுவதும் உனக்காக உழைக்கும்.

இனி உச்சரிப்பு. ழகரத்தை நினைத்துப் பயப்படாதே. மனிதர் என்பதற்கு அவர்கள் சொல்கிற 'ரென்' என்பதன் முதல் ஒலியைப் பெய்ஜிங்காரர்கள் நாக்கை மடித்துத்தான் சொல்கிறார்கள். அது நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. 'வாளப்பளம்' என்கிற நம் பக்கத்து ஆட்களைவிட அவர்கள் சீக்கிரம் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கஷ்டம் வேறு இடத்தில். சீனத்தில் குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. 'படம்', 'பாடம்' இரண்டும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும். தென்மேற்குப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு நகரமும் லகரமும் குழம்பும், அவர்கள் வட்டார வழக்கில் அவை கலந்துவிட்டன. உன் எம்.ஏ. படிப்பு இதற்கெல்லாம் கைகொடுக்காது. தமிழைத் தாய்மொழியாகப் படித்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை, ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது முற்றிலும் வேறு வேலை. போவதற்கு முன் அதற்கென்று பயிற்சி எடு.

எந்தத் தமிழைக் கற்பிப்பது என்ற கேள்வி இதைவிடப் பெரிது. எழுத்துத் தமிழ் மட்டும் படித்த மாணவன் சென்னையில் ஆட்டோக்காரரிடம் பேசினால் அவர் சொல்கிற பதில் இவனுக்குப் புரியாது. முதல் வாரத்திலிருந்தே பேச்சுத் தமிழையும் சேர்த்துக் கொடு என்பதுதான் என் உறுதியான கருத்து. நம்மூர்த் தமிழில் தெலுங்கு கலந்திருக்கிறதே என்று கூச்சப்படாதே. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பஸ் ஸ்டாண்டில் கன்னடம் என்று வளர்ந்தவள் நீ. வீட்டு மொழி அல்லாத மொழியில் பாடம் கேட்டு, புரியாமல் தலையாட்டிய அனுபவம் உனக்கு உண்டு. அந்த மாணவர்களின் மௌனம் உனக்குப் புரிகிற மாதிரி, தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்குப் புரியாது. மூன்று மாநிலங்கள் தொட்டுக்கொள்கிற குப்பத்தில் 1997-ல் திராவிட மொழிகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வைத்ததும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இங்கே இருப்பதை நம்பித்தான் என்று நினைக்கிறேன்.

பாடத்துக்கு யானையை எடுத்துக்கொள். நம் ராமகுப்பம் மண்டலத்து நன்னியாலாவில் கும்கி முகாம் இருக்கிறது. 1980-களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் இங்கே வரத் தொடங்கி, 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்த கதை உனக்குத் தெரியும். யுன்னானிலும் காட்டு யானைகள் உண்டு. 2021-ல் அங்கே ஒரு கூட்டம் தன் காட்டை விட்டு வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து குன்மிங் அருகே வரை போனது. சீனாவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயிரை மிதித்த யானையை என்ன செய்வது என்று தமிழில் கேள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், சொல்ல ஆசையும் இருக்கும். வாய் தானாகத் திறக்கும்.

இன்னொன்று. வெளிநாட்டு ஆசிரியருக்கு அங்கே மரியாதை அதிகம். விழாவில் முன்வரிசை, புகைப்படம், செப்டம்பர் 10 ஆசிரியர் தினத்தில் பூ. ஆனால் துறைக்கூட்டத்துக்கு உன்னை அழைக்க மறந்துவிடலாம். விடுமுறைக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு என்பது உனக்கு முந்தின நாள்தான் தெரியவரும். வெறுப்பு ஒன்றும் இல்லை. விருந்தாளியை யாரும் வேலை வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். விருந்தாளியாகவே இருந்துவிடாதே. சீனம் கற்றுக்கொள். 1938-ல் சோலாப்பூரிலிருந்து போன டாக்டர் கோட்னிஸ் சீனம் கற்றுக்கொண்டார், போர்முனை மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்தபடியே இளம் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 32. இன்றும் அங்கே இந்தியர் என்றதும் வயதானவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

இனி உன் அம்மாவின் கவலைகள். தங்குவதற்கு வளாகத்துக்குள்ளேயே வீடு கொடுப்பார்கள். மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கே தொடங்கிவிடும், பிறகு இரண்டு மணிவரை ஊரே தூங்கும். அந்த நேரத்தில் யார் கதவையும் தட்டாதே. கேன்டீனில் தக்காளியும் முட்டையும் போட்டு வதக்கியது எங்கும் எப்போதும் கிடைக்கும், தக்காளி விளைகிற ஊர்ப்பெண் உனக்கு அது பிடித்துப்போகும். நீ முழுச் சைவம் என்றால் கவனம் தேவை. காய்கறிப் பொரியலிலும் இறைச்சித் துணுக்கு கிடக்கும். குளிரைப் பொறுத்தவரை, பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வீடுகளுக்குச் சூடேற்றுவார்கள். தெற்கில் அந்த ஏற்பாடு இல்லாததால் வீட்டுக்குள் குளிர் தெற்கேதான் அதிகம் தெரியும். வாட்ஸ்அப் அங்கே தடை. வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டது. ஆகவே அம்மாவிடம் எந்த வழியில் பேசுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்து வை. நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

வேலை விசா இல்லாமல், சுற்றுலா விசாவில் வந்து பாடம் நடத்து என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் போகாதே. அது சட்டவிரோதம். வேலைக்கான இசட் விசாதான் வேண்டும். பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவமும் பொதுவாகக் கேட்பார்கள். அதனால் இப்போதே அருகில் ஒரு கல்லூரியிலோ பள்ளியிலோ வேலைக்குச் சேர். போய் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ்களுக்கு என்ன சான்றொப்பம் வேண்டும் என்பதைச் சீனத் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள். பல்கலைக்கழகத்தில் ஒரிஜினல் பட்டச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பித்துவிடு. அது கைக்கு வந்ததும் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு, விண்ணப்பக் கடிதத்தை நாம் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
மாமா