உறைந்து நின்ற செயலியும் புறப்பட்டுவிட்ட பணமும்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் கிளைக்கு வந்த தாயார் ஒருவர், மகனின் விடுதிக் கட்டணமான 18,500 ரூபாயை இருமுறை செலுத்தியிருந்தார். யுபிஐ செயலியில் தொகையையும் ரகசிய எண்ணையும் பதித்தவுடன் திரை அசைவற்று நின்றுவிட்டது. செயலியை மூடினால் பரிவர்த்தனையும் ரத்தாகிவிடும் எனக் கருதி, மூடித் திறந்து மறுபடியும் அனுப்பினார். சற்று நேரத்தில் இரண்டு குறுஞ்செய்திகள் வந்து சேர்ந்தன. இரண்டுமே நிறைவேறிய பரிவர்த்தனைகள். ஆகவே வங்கியால் தானாகத் திருப்பித் தர இயலவில்லை. விடுதி அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதிப் பணத்தைத் திரும்பப் பெற மூன்று வாரங்கள் ஆயின.

'ஹேங்' ஆவது கைப்பேசிக்கு நேரும் கோளாறு. ரகசிய எண்ணைப் பதித்து அனுப்பிய பின்னரோ, கோரிக்கை கைப்பேசியைக் கடந்து வங்கிகளின் கணினிகளுக்குச் சென்றுவிடுகிறது. அதன்பின் செயலியை மூடுவது, அஞ்சல் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைப்பதற்கு ஒப்பாகும். ரகசிய எண்ணைப் பதிக்கும் முன்பே திரை உறைந்திருந்தால் பணம் நகர்ந்திராது, அச்சமின்றி மூடலாம்.

மூடும் முறை எளிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரையின் அடிப்பகுதியிலிருந்து விரலை மேலே நகர்த்திச் சற்று நிறுத்தினால், திறந்துள்ள செயலிகள் வரிசையாகத் தோன்றும். உறைந்த செயலியை மேல்நோக்கித் தள்ளிவிட வேண்டும். ஐஃபோனிலும் இதுவே வழி. முகப்புப் பொத்தான் உள்ள பழைய மாடல்களில் அதனை இருமுறை விரைந்து அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கும் அசையாவிடில், செட்டிங்ஸ் பகுதியில் 'ஆப்ஸ்' என்பதைத் திறந்து, அச்செயலியைத் தேர்ந்து 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுக்கலாம். அச்செயலிக்குரிய அமைப்புகளில் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என இரண்டு உண்டு. முன்னது தற்காலிகக் கோப்புகளை மட்டுமே நீக்கும். பின்னதை அழுத்தினால் பதிவு விவரங்கள் அழிந்து, சிம் சரிபார்ப்பிலிருந்து யாவற்றையும் மீண்டும் தொடங்க நேரிடும். வெளியூர்ப் பயணத்தில் இதனைச் செய்துவிட்டுத் தவித்தவர்களை நாங்கள் அறிவோம்.

சிலர் நாள்தோறும் எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். அதற்குத் தேவையே இல்லை.

மீண்டும் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது பரிவர்த்தனை வரலாறு. 'நிலுவையில்' என்றிருந்தால் காத்திருக்க வேண்டும். குறுஞ்செய்தி தாமதமாகலாம் என்பதால் கணக்கின் இருப்பையும் சரிபார்ப்பது நலம். 'தோல்வி' என்று உறுதியான பின்னரே மறுமுறை அனுப்புதல் வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ரொக்கமாகத் தருவது மேல். சங்கடம் அதோடு தீரும்.

இந்நேரத்தில் இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணைத் தேடுவது ஆபத்தானது. போலி எண்களில் பேசுவோர், திரையைப் பகிரும் செயலியொன்றை நிறுவச் சொல்வர். அதனை நிறுவினால் தங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். பற்று அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ உள்ள எண்ணையே அழைக்க வேண்டும்.

கணக்கில் பணம் கழிந்து, பெறுபவருக்குச் சேராதிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ தொகை மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்தியது ஐந்து நாட்களுக்குள்ளும் தானாகவே கணக்கிற்குத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதனைக் கேட்டுப் பெற வேண்டிய அவசியமுமில்லை. கெடு கடந்தும் பணம் வராவிடில் செயலியிலேயே புகார் பதியலாம், அல்லது கிளைக்கு வரலாம். வரும்போது பரிவர்த்தனை வரலாற்றில் காணும் 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுதிக் கொணர்ந்தால், எங்களுக்குத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.