பிள்ளைத்தமிழும் பிள்ளை வளர்ப்பும்

மனித வளர்ச்சியின் பருவங்களும் அவற்றுக்குரிய நற்பழக்கங்களும் என்னும் பொருள் பற்றி எழுதுதல் வைத்தியருக்கோ விஞ்ஞான ஆசிரியருக்கோ உரிய பணியென்றும், தமிழாசிரியன் அதில் தலையிடுதல் தகாதென்றும் சிலர் எண்ணுதல் கூடும். அவ்வெண்ணத்துக்கு விடை நமது கரையிலேயே உண்டு. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் ஆகிய இரண்டும் பெற்றவர். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர். அவர் பிறந்த கரையில் தமிழ் கற்பிக்கும் ஒருவன் இலக்கியத்தையும் உடலியலையும் அருகருகே வைத்துப் பார்த்தல் புதுமையாகாது. அன்றியும், இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையராயும் பாட்டனாராயும் உள்ளனர். அவர்கட்கு இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று.

இதனை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் உதவுவது தொல்காப்பியம். அதன் மரபியல் இளமைப் பெயர் ஒன்பதை வகுக்கின்றது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. இவற்றுள் மக்களுக்கு உரியன குழவி, மகவு என்னும் இரண்டே. நாம் இன்று வாய்நிறைய வழங்கும் 'பிள்ளை' என்னும் சொல் அந்நாளிற் பறப்பனவற்றுக்கும் மரஞ்செடிகளுக்கும் உரியதாயிருந்தது. தென்னம்பிள்ளை, கிளிப்பிள்ளை என்னும் வழக்குகளில் அப்பழமை இன்னும் எஞ்சி நிற்கின்றது. பிற்காலத்தார் அச்சொல்லை மனிதக் குழந்தைக்கு எடுத்தாண்டபோது, முளைத்து இலைவிட்டுக் கிளைக்கும் ஓர் உயிரின் படிமுறை வளர்ச்சியும் அச்சொல்லோடு கூடவே வந்ததென்பது என் கருத்து.

அப்படிமுறையை முழுமையாக வகுத்தது பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமாகும். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பாசுரங்கள் இதற்கு வித்து. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டிற் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ், இன்று கிடைப்பவற்றுட் காலத்தால் முந்தியது. 17ஆம் நூற்றாண்டிற் குமரகுருபரர் மீனாட்சியம்மையையும் புள்ளிருக்கு வேளூர் முத்துக்குமாரசுவாமியையும் பாடினார். முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடி இம்மரபை வளர்த்தனர். பாடப்பெற்றோர் தெய்வமும் அரசரும் பெரியோருமாயினும், புலவர்கள் கண்ணாற் கண்டது தத்தம் வீட்டு முற்றத்துக் குழந்தையையே. அக்காட்சி எத்துணை நுண்ணியது என்பதை இனி நோக்குவோம்.

பாட்டியல் நூல்கள் திங்கட் கணக்கில் வேறுபடினும், மூன்றாந் திங்கள் தொடங்கி ஒற்றைப்படைத் திங்களிற் பருவங்களை நிறுத்துவது ஒரு வழக்கு. மூன்றாந் திங்களிற் காப்பு. அப்போது குழந்தை தானாக எதுவும் செய்ய இயலாது. பிறரே காத்தல் வேண்டும் என்பதனாற் கடவுளரை அழைத்துக் காக்கும்படி வேண்டுவர். இன்று பிறந்த உடனேயே பி.சி.ஜி. ஊசியும், இரண்டாம், நான்காம், ஆறாந் திங்களில் முக்கூட்டுக்கு மேற்பட்ட ஐங்கூட்டுத் தடுப்பூசியும் இடப்படுவதும் காப்பே. ஐந்தாந் திங்களிற் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்திலூன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடும் நிலை அது. கழுத்தும் தோளும் முதுகும் இவ்வொழுங்கிலேயே, மேலிருந்து கீழாக, வலுப்பெறுகின்றன என்று இக்கால உடலியலும் கூறுகின்றது. தால் என்பது நாவு. ஏழாந் திங்களில் நாவசைத்து ஒலியெழுப்பும் பருவம். ஒன்பதிற் சப்பாணி. இரு கைகளையும் மார்பின் நடுவே கொணர்ந்து சேர்ப்பதற்குக் கண்ணும் கையும் மூளையின் இரு பாகங்களும் ஒத்துழைத்தல் வேண்டும்; அவ்வொத்துழைப்பு இவ்வயதை ஒட்டியே தோன்றுகின்றது. பதினொன்றில் முத்தம். இப்பருவத்திற் கேட்டதை விளங்கிக்கொண்டு கொடுக்கும் அறிவு பிறக்கின்றது. பதின்மூன்றில் வருகை, அஃதாவது தளர்நடை.

இத்துணை தூரம் புலவரும் வைத்தியரும் ஒன்றுபட்டே செல்கின்றனர். அதன்பின் இலக்கணம் சற்றே தடுமாறுகின்றது. பதினைந்தில் அம்புலி, பதினேழிற் சிற்றில், பத்தொன்பதிற் சிறுபறை, இருபத்தொன்றிற் சிறுதேர் என அவ்வழக்கு அடுக்குகின்றது. பதினேழு திங்கட் குழந்தை, சிறுமியர் கட்டிய மணல் வீட்டைத் தேடிச்சென்று சிதைப்பதை யாம் கண்டதில்லை. பிறரோடு கூடி ஆடும் ஆட்டம் மூன்று வயதை அண்மியே வருவது. ஆகவே, சிற்றிலையும் சிறுதேரையும் மூன்று, நான்கு ஆண்டுகட்கு உரியனவாகக் கொள்வோர் கூற்றே பொருத்தமானது. ஒற்றைப்படை அழகுக்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்தமை பாட்டியலாரின் பிழை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதி மூன்றும் அம்மானை, நீராடல், ஊசல் என மாறும். இவையும் ஓடியாடும் வயதுச் சிறுமிக்குரியனவே.

திங்கட் கணக்கை இறுகப் பிடித்தலால் வரும் துன்பம் இக்காலத்தும் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை பத்துத் திங்களில் நடந்தது, நம் பிள்ளை பதினான்கிலும் நடக்கவில்லையே என வருந்தும் தாய்மார் பலர். இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமுள்ள குழந்தை தனித்து நடக்கத் தொடங்குவது ஏறத்தாழ 8ஆந் திங்களுக்கும் 18ஆந் திங்களுக்கும் இடையில் எப்போதேனும் நிகழலாம். துணையின்றி இருத்தல் 4 முதல் 9 திங்களுக்குள். கைகளையும் முழந்தாள்களையும் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்த குழந்தைகளும் அவ்வாய்வில் நூற்றுக்கு நால்வர் அளவில் இருந்தனர். பதினெட்டுத் திங்கள் கடந்தும் நடவாத பிள்ளையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அதற்கு முன் அஞ்சுதல் வேண்டா.

பிள்ளையை முந்தி நடப்பிக்கும் ஆசையால், 'வோக்கர்' என வழங்கும் சில்லுப் பொருத்திய இருக்கையிற் குழந்தையை இருத்துகின்றனர். நம் முன்னோர் கொடுத்த மூன்று சில்லு நடைவண்டி வேறு, இது வேறு. நடைவண்டியைத் தள்ளும் குழந்தை தன் காலில் நிற்கின்றது. வோக்கரிலோ இருக்கையே அதனைச் சுமக்கின்றது. இக்கருவி நடை பழக்குவதில்லை. படிக்கட்டில் உருண்டும், அடுப்பங்கரையில் எட்டாத பொருளை எட்டி இழுத்தும் குழந்தைகள் காயமுற்றதனால் 2004இற் கனடா நாடு இதன் விற்பனையையே தடைசெய்தது.

அம்புலிப் பருவத்தைப் பற்றித் தனியே ஒன்று கூறல் வேண்டும். பிள்ளைத்தமிழிற் பாடுதற்கு அரியது இதுவென்பர். சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு புலவர் அழைப்பர். வீட்டிலே இப்பாட்டின் இடம் சோறூட்டும் வேளை. கடற்கரை மணலிற் பிள்ளையை இடுப்பில் வைத்து, நிலவைக் காட்டி, ஒரு கவளம் ஊட்டி, ஒரு சொல் சொல்லி, மறுமொழியாக வரும் மழலைக்குக் காத்திருந்து, மறு கவளம் ஊட்டுவாள் தாய். உணவும் மொழியும் ஒருங்கே ஊட்டப்பட்ட பருவம் அது. இன்று நிலவின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. அதன் திரையைக் காட்டினாற் பிள்ளை வாயைத் திறக்கின்றது. உண்பது இன்னதென அறியாமலே விழுங்குகின்றது. திரை பேசும், பிள்ளையின் மறுமொழிக்குக் காத்திராது. இரண்டு வயது நிரம்பும்வரை குழந்தைக்குத் திரை பொருந்தாதென்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பேச்சுத் தாமதித்த பிள்ளைகளை வகுப்பறையிற் காணும் ஆசிரியர்கட்கு இவ்வறிவுரையின் பொருள் நன்கு விளங்கும்.

இனிப் பழக்கங்கள். பெரியாழ்வார் பருவங்களோடு நில்லாமல், முலையுண்ண அழைத்தல், நீராட அழைத்தல், காது குத்துதல், குழல் வாருதல் என அன்றாடச் செயல்களையும் பாடினார். நற்பழக்கம் என்பது பாடப்புத்தகத்துக் கட்டளையாக வராமல், தாயின் கொஞ்சுமொழியாக வந்த இடம் அது. முதல் ஆறு திங்களும் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டா என்பது இன்றைய வைத்தியத் துணிபு. அதன்பின் பிற உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பாலூட்டலாம். திருக்குர்ஆனும் பாலூட்டலின் நிறைவுக்கு இரண்டு ஆண்டுகளையே குறிக்கின்றது. பெற்றவளுக்குப் பாற்சுறாவும் முருங்கையிலையும் ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் கரையில் இரு சமூகத்தார்க்கும் பொது. ஆறு திங்களின் பின் மசித்த சோறு, பருப்பு, முள் நீக்கிய மீன், முட்டை, கீரை என்பன அனைத்தும் இங்கு எளிதிற் கிடைப்பனவே. இவை இருக்க, பல் முளையாத வாய்க்குச் சீனி இட்ட தேநீரை ஊட்டுதல் பெருங்கேடு. தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காவண்ணம் தடுக்கும். சீனி, வரும் பல்லைச் சிதைக்கும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையூர்களிற் பெண்ணுக்கு வீடு கொடுத்து, அவ்வீட்டிலேயே மருமகனை ஏற்கும் தாய்வழி மரபு தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் நிலைத்துள்ளது. அதனால் இங்குப் பிறக்கும் குழந்தைக்கு அம்மம்மாவின், அல்லது உம்மம்மாவின் மடி பிறந்த நாள் தொட்டே உண்டு. தாய் பொருள் தேடி மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற வீடுகளிற் பிள்ளையைத் தாங்கியதும் அம்மடியே. ஆயினும், ஏழாந் திங்களிலும் ஒன்பதாந் திங்களிலும் பிரிந்த தாயை எவ்வளவு பெரிய மடியும் முழுதும் ஈடுசெய்யாது. அவ்வயதிலேயே குழந்தை தன்னவரையும் பிறரையும் பகுத்தறிந்து, தன்னவர் பிரிந்தால் அழத் தொடங்குகின்றது.

பள்ளிப் பருவத்தில் நிகழும் அவசரம் எல்லாவற்றிலும் கொடியது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமரும் பிள்ளைக்கு வயது பத்து. ஆறு முதற் பன்னிரண்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒன்பது முதற் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டுமென்பர்; ஒரு மணி நேரமாவது வியர்க்க ஓடியாடுதல் வேண்டும். விடியற்காலை ஒரு டியூசன், பாடசாலை, மாலை மற்றொரு டியூசன், இரவு வினாத்தாள் என்று ஓடும் பிள்ளைக்கு இவை இரண்டும் எங்ஙனம் கிடைக்கும்? வளர்ச்சிக்குரிய சுரப்பு ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கின்றது. கற்றது மனத்திற் பதிவதும் உறக்கத்திலேயே. உறக்கத்தைப் பறித்துக் கல்வியைத் தர முயல்வோர் இரண்டையும் இழப்பிக்கின்றனர். பரீட்சை வேண்டாவென்று யான் சொல்லவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைகட்கு அது திறந்த வாயில்கள் பல. பெற்றோர்க்கு யான் கூறுவது இது: இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள், மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையை மைதானத்துக்கோ கடற்கரைக்கோ விடுங்கள்.

குமரப் பருவத்துக்கு உலா இலக்கியம் துணை வருகின்றது. பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40 என மகளிர் பருவம் ஏழு. பூப்புக்குரிய உடல் மாற்றங்கள் பெண்பிள்ளைகளிடம் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையிலும், ஆண்பிள்ளைகளிடம் 9 வயதுக்கும் 14 வயதுக்கும் இடையிலும் தொடங்குமென வைத்திய நூல்கள் கூறுவதைப் பெதும்பை, மங்கைப் பருவங்களோடு ஒப்பிட்டு நோக்குக. வகுப்பறையிற் பதினொரு வயதுச் சிறுமியர் சிறுவரினும் உயர்ந்து நிற்பதன் காரணமும் இதுவே. பூப்பெய்திய பெண்ணுக்கு உழுந்துக்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கும் நம் வழக்கம் போற்றற்குரியது. அந்நாட்களின் பின்னும், திங்கள்தோறும் இழக்கும் குருதிக்கு ஈடாகக் கீரையும் மீனும் பயறும் அவளுக்குக் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும். அண்ணனுக்கு நடுத்துண்டு மீனும் தங்கைக்கு வாற்றுண்டும் பரிமாறும் வீடுகள் இன்னும் உள. சடங்கின் பெயராற் பாடசாலையை வாரக்கணக்கில் நிறுத்துதலும் வேண்டாத செயல். அவள் அறிய வேண்டியவற்றைத் தாய் கூச்சமின்றிச் சொல்லுதல் வேண்டும்; ஆண்பிள்ளைக்கும் அவ்வாறே தந்தை சொல்லுதல் வேண்டும். இதனைப் பெரும்பாலான தந்தையர் செய்வதில்லை.

வளர்ந்தோர்க்கு வள்ளுவர் வகுத்த 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறளில் ஆறு, முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் முறையையே பேசுகின்றன. நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இக்காலத்தில், கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு அமருமுன் அவ்வாறு குறளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுதல் நன்று.

உலா நூல்கள் பெண்ணின் பருவத்தை நாற்பதோடு நிறுத்தின. தலைவன் பவனியைக் காண வரும் மகளிரை வகுத்த கணக்கு அது, வாழ்வின் கணக்கன்று. ஈழத்துப் பெண்ணின் வாழ்நாட்காலம் இன்று சராசரி எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நின்றபின் என்பு தேய்தலும், குருதியமுக்கமும் நீரிழிவும் வருதலும் நாற்பதின் அப்பாலேயே. நாட்டின் சுகாதாரத் திணைக்களம் 1996 முதல் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதிலேயே, அஃதாவது பேரிளம்பெண் பருவத்தின் நடுவிலேயே, பெண்களை அழைக்கின்றன. குருதியமுக்கம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவை அங்கே கட்டணமின்றிப் பரிசோதிக்கப்படுகின்றன. பேரப்பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறவாமல் நினைவூட்டும் அம்மம்மாமாருட் பலர் அக்கிளினிக்கின் வாயிலை ஒருநாளும் மிதித்தவரல்லர். இம்மலரை வாசிக்கும் மக்கள் தத்தம் தாயாரிடம், கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கின்றதென்று மருத்துவமாதைக் கேட்டறிந்து சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு போதல் வேண்டும்.