ஏலகிரியில் காட்டேஜ் கட்டலாமா?

கேள்வி: ஏலகிரி மலையில் விவசாய நிலம் வாங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு நாலைந்து காட்டேஜ் கட்ட நினைக்கிறேன். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்கிறார் தரகர். சரியா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தரகருக்குக் கமிஷன் வந்தால் போதும், உங்களுக்குப் போதாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 47-ஏ என்றொரு பிரிவு உண்டு. மாஸ்டர் பிளான் இல்லாத ஊரிலும், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும் என்கிறது அது. ஏலகிரி மலைப்பகுதி வேறு. பெரிய கட்டடம், மனைப்பிரிவு என்றால் ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வரை கோப்பு போகும். வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல் என்று ஒவ்வொரு துறையும் கருத்துச் சொல்லும். அலைச்சல்தான். ஆனால் சரிவில் மண்ணை வெட்டினால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று கேட்க வேறு ஆளில்லை.

இன்னொன்று: மலையாளிப் பழங்குடியினருக்குக் கொடுத்த நிபந்தனைப் பட்டாவா என்று முதலில் தாலுகா ஆபீஸில் பாருங்கள். முன்பணம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்து கழிவுநீர்: டேனரிகளைப் பார்த்த ஆம்பூர்க்காரருக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த ஆலைகள் கூடாது என்று 1989-லேயே அரசாணை வந்தது. இருந்தும் பாலாறு கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996-இல் டேனரிக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விழுந்தது. காட்டேஜ் கழிவுநீர் எங்கே போகும் என்பதை வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். புங்கனூர் ஏரிப் பக்கம் சரிவு என்றால் வேறு இடம் பாருங்கள்.