இரவிகுளத்துக்கு எப்போது போகலாம்? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூணாறு போகிறவர்கள் தவறவிட விரும்பாத இடம் இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் புல்வெளியும் சோலைக்காடும் விரிந்து கிடக்க, நடுவே 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு பெருந்தொகையாக வாழும் மலை இது. ஆனால் எந்த மாதம் போவது என்பதில், கேட்டதையெல்லாம் நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்த நம்பிக்கைகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பிப்ரவரி, மார்ச்சில் மழையும் இல்லை, கூட்டமும் இல்லை. அதுவே நல்ல நேரம்.

உண்மை: அந்த இரண்டு மாதங்களும் பூங்கா வழக்கமாக மூடியிருக்கும். காரணம் வரையாட்டின் பேறுகாலம். தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதுதான் வரையாட்டுக் கிடாக்கள் இணைசேர மந்தையோடு வந்து சேர்கின்றன. சினைக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம் என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள் பிறக்கின்றன. பெரும்பாலும் ஓர் ஆடு ஒரு குட்டிதான் ஈனும். ஆள் நடமாட்டத்தால் தாய் மிரண்டு விலகினால், சிறுத்தையிடமோ செந்நாயிடமோ அந்தக் குட்டி சிக்கிவிடலாம். அதனால்தான் வனத்துறை கதவை அடைக்கிறது. மூடும் தேதி ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். சில ஆண்டுகளில் ஜனவரிக் கடைசியிலேயே மூடிவிடுவதும் உண்டு. அறை போடுவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பிள்ளைகளுக்கு லீவு விட்டு மே மாதம் போவதுதான் சரி.

உண்மை: குட்டிகளைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல்தான் உகந்தது. பூங்கா மீண்டும் திறக்கும்போது, அந்த ஆண்டுக் குட்டிகள் தாயின் பின்னால் செங்குத்துப் பாறைகளில் ஏறிப் பழகிக்கொண்டிருக்கும். மே மாதம் வரும் கூட்டத்தில் இதை நிதானமாகப் பார்க்க முடியாது. பூங்காவில் பார்வையாளர்கள் போகும் பகுதியான ராஜமலைக்குச் சொந்த வண்டியில் போக அனுமதி இல்லை. வனத்துறைப் பேருந்துக்காக வரிசையில் நிற்க வேண்டும். மேயில்தான் முடியும் என்றால் வார நாளாகப் பார்த்து, முன்பதிவு செய்து, காலையில் முதல் ஆட்களாகப் போங்கள். கோடையில் பிற்பகலில் இடிமழை வருவது இங்கே வழக்கம்.

நம்பிக்கை: மறையூரில் வெயில் அடித்தால் மேலேயும் வெயில்தான்.

உண்மை: உடுமலைப்பேட்டை வழியாகப் போகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். சின்னாறும் மறையூரும் மழை மறைவுப் பகுதிகள். தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை ஆனைமலை உச்சிகள் வாங்கிக்கொள்வதால், இந்தப் பக்கம் இறங்கும் காற்று வறண்டுவிடுகிறது. ஜூலையில் சின்னாற்றில் முள்மரங்கள் வெயிலில் நிற்கும். அதே நேரம் ராஜமலையில் பத்தடி தூரம்கூடத் தெரியாமல் மேகம் மூடியிருக்கும்.

மழையை அலட்சியப்படுத்தவும் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால், ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். செப்டம்பரோடு ஆபத்து போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்த மலைகளையும் நனைக்கும்.

நம்பிக்கை: டிசம்பரில் மூணாறில் காஷ்மீர் போலப் பனி பொழியும்.

உண்மை: பொழிவதில்லை. மேகமில்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விட, குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்குகிறது. சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். புல்நுனியில் வெள்ளையாகப் படிவது உறைபனி. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். ஆனால் தெளிந்த வானமும் தொலைதூர மலைவரிசையும் வேண்டுமென்றால் டிசம்பரும் ஜனவரி முதல் பாதியும் மிக நல்ல காலம்.

நம்பிக்கை: ஆகஸ்டில் போனால் நீலக்குறிஞ்சி பார்க்கலாம்.

உண்மை: பூக்கும் பருவம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை என்பது சரி. ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். இரவிகுளத்தில் 2006, 2018 ஆம் ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030. பூத்து, விதை உதிர்த்து, செடி மடிந்துபோகும். இடையில் கண்ணில் படும் படங்கள் வேறு மலைகளில், வேறு கணக்கில் பூத்தவை; 2022 இல் சாந்தன்பாறை அருகே பூத்தது அப்படித்தான். 2018 இல்கூடப் பெருவெள்ளத்தால் சாலைகள் துண்டிக்கப்பட்டு, பலருக்கு அந்தக் காட்சி கிடைக்காமல் போனது.

எல்லோருக்கும் பொருந்தும் ‘சிறந்த மாதம்’ என்று ஒன்று இந்த மலைக்கு இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மாதம் தானாக அமைந்துவிடும். பூங்கா மூடியிருக்கும் நாட்களில் போய் நின்று, எப்படியாவது உள்ளே விடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். திறந்திருக்கும் நாட்களில், சாலையோரம் பயமின்றி நிற்கும் ஆட்டுக்கு எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். நம் வசதிக்காக வரையாடு தன் பேறுகாலத்தை மாற்றிக்கொள்ள முடியாது; நாம்தான் நம் விடுமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும்.